காங்கேயம் கொறங்காடும் கார்பன் ஒப்பந்தமும்

வணக்கம் ஐயா. காங்கேயத்துக்கு அருகில் உள்ள 4 ஏக்கர் கொறங்காட்டில், அதாவது உயிர்வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், நெருக்கமாக மரம் நட்டு, மரங்கள் காற்றிலிருந்து பிடித்து வைக்கும் கார்பனுக்குப் பணம் தரும் 30 ஆண்டு கார்பன் ஒப்பந்தத்தில் சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதே நிற்கும் வெள்வேல மரங்களுக்கும் பணம் வரும் என்று முகவர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள்.

அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். மரம் நடும் திட்டங்களில், திட்டத்தால் புதிதாகச் சேரும் கார்பனுக்குத்தான் கணக்கு உண்டு. உங்கள் தாத்தா காலத்து வெள்வேலத்துக்கு இல்லை. இதில் விற்கப்படும் அலகான ஒரு கார்பன் வரவு (carbon credit) என்பது 1 டன் கார்பன் டை ஆக்சைடு. மரத்தின் காய்ந்த எடையில் ஏறத்தாழப் பாதிதான் கார்பன் என்பதால், வேரும் கிளையுமாக 100 கிலோ காய்ந்த எடையுள்ள மரத்தில் சுமார் 50 கிலோ கார்பன் இருக்கும்; ஆக்சிஜன் எடையையும் சேர்த்து கார்பன் டை ஆக்சைடாகக் கணக்கிட்டால் அது சுமார் 180 கிலோதான். அப்படி ஐந்தாறு மரங்கள் வளர்ந்தால்தான் ஒரு வரவு. அதிலும் தீ, வறட்சிக்கென ஒரு பங்கைப் பிடித்து வைப்பார்கள். அளவீட்டுச் செலவும் தணிக்கைச் செலவும் தனி.

எனக்கு உண்மையில் கவலை தருவது நிழல்தான். கிளுவை வேலிக்குள் வெள்வேலம் இடைவெளி விட்டு நிற்பதால்தான் அடியில் கொழுக்கட்டைப் புல் தழைக்கிறது; கோடையில் உதிரும் நெற்றை ஆடும் மாடும் பொறுக்கித் தின்கின்றன. நெருக்கி நட்டால் அந்த மேய்ச்சல் போய்விடும், காங்கேயம் மாட்டுக்குத் தீவனத்தை விலைக்கு வாங்க நேரும்.

சேர்ந்தே ஆக வேண்டுமென்றால் வரப்போரம் மட்டும் நடுங்கள். வெட்டும் உரிமை யாருக்கு, மரம் பட்டுப்போனால் பொறுப்பு யாருக்கு, நிலத்தை விற்றால் ஒப்பந்தம் என்னவாகும் என்பவற்றைத் தமிழில் எழுதி வாங்கி, வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். நடவேண்டிய மர வகைகளுக்கு மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் கேட்கலாம்.