கியர் வண்டியில் எஞ்சின் தானாக அணைவதும் எழுவதும் ஒழுங்காக நடக்காவிட்டால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

வண்டி நின்றதும் எஞ்சினைத் தானாக அணைத்து, கிளட்சை மிதித்ததும் எழுப்பும் 'ஸ்டார்ட்-ஸ்டாப்' ஏற்பாட்டைப் பற்றிய உங்கள் கேள்வியில் இரண்டு சங்கதிகள் கலந்திருக்கின்றன. பேட்டரி மாற்றியதிலிருந்து உங்கள் டீசல் கார் பல இடங்களில் தானாக அணைவதில்லை என்பது ஒன்று. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் அணைந்த எஞ்சின், கிளட்சை மிதித்தாலும் எழாமல் சாவியைத் திருப்பினால்தான் எழுகிறது என்பது மற்றொன்று. இவற்றைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். செல்ஃப் மோட்டாரை, அதாவது ஸ்டார்ட்டரை, மாற்றும்படி உங்களிடம் சொன்னவரின் யோசனையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். எஞ்சினுக்குத் துணையாக உள்ள சிறு மின்மோட்டார் பெல்ட் வழியாக அதைச் சுழற்றும் மைல்டு ஹைப்ரிட் வண்டிகளை விட்டுவிட்டால், மற்றவற்றில் காலையில் சாவிக்கு எழுப்புவதும் கேட்டில் கிளட்சுக்கு எழுப்புவதும் ஒரே மோட்டார்தான்; காலையில் ஒரே இழுப்பில் எழுகிறது என்று நீங்களே எழுதியிருக்கும்போது அதன்மேல் பழிபோட இடமில்லை.

முதலில் கேட்டில் எழாத கதை. மயிலாடுதுறைப் பக்கம் வாகன மின்வேலை பார்ப்பவன் என்ற முறையில் நான் கேட்கும் முதல் கேள்வி, எஞ்சின் அணைந்திருந்தபோது நீங்கள் சீட் பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறந்தீர்களா என்பதுதான். நீடாமங்கலத்தில் கேட் போட்டால் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவர் குறைவு. இறங்கி நின்று, கடலை வாங்கிக்கொண்டு, ரயில் போன பிறகுதான் ஏறுவோம். ஓட்டுநர் இறங்கிவிட்டார் என்று தெரிந்ததும் பெரும்பாலான வண்டிகள் தானாக எழும் ஏற்பாட்டை ரத்து செய்துவிடும். அதன்பின் சாவியோ பொத்தானோதான் வழி. இது கோளாறன்று, பாதுகாப்பு. பானட்டைத் திறந்தாலும் இதே கதைதான். உட்கார்ந்த இடத்திலேயே இருந்தும் எழவில்லை என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

கிளட்சை மிதித்ததும் 'டிக்' என்று ஒரு சத்தம் வந்து, மீட்டர் விளக்குகள் மங்கினால், குறை பேட்டரியிலோ டெர்மினலிலோ பேட்டரியைப் பாடியோடு இணைக்கும் எர்த் கம்பியிலோ இருக்கிறது. சத்தமே இல்லாமல், விளக்குகளும் மங்காமல் இருந்தால், மோட்டாருக்கு உத்தரவே போகவில்லை என்று பொருள். அப்போது கிளட்ச் பெடலின் கீழே பாருங்கள். அதிகப்படியாகப் போட்ட ரப்பர் மேட் மடிந்து பெடலை முழுதாக இறங்கவிடாமல் தடுப்பதை நிறையவே பார்க்கலாம். வயலிலிருந்து அப்படியே ஏறுபவர்களின் வண்டியில் காய்ந்த களிமண்ணும் வைக்கோலும் அந்த வேலையைச் செய்யும். மேட்டை எடுத்துவிட்டு மிதித்துப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. அதற்கும் சரிவராவிட்டால் பெடலில் இருக்கும் சுவிட்சையும், கியர் நியூட்ரலில் இருப்பதை அறிய கியர்பாக்ஸில் இருக்கும் நியூட்ரல் சென்சாரையும் சந்தேகிக்கலாம். அண்மையில் கிளட்ச் பிளேட் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கியிருந்தால் சென்சாரின் கனெக்டர் சரியாகப் பொருந்தாமல் போயிருக்கவும் வாய்ப்புண்டு.

அணையாமலிருப்பது வேறு விஷயம். அணைத்தால் திரும்ப எழுப்ப முடியும் என்ற உறுதி இருந்தால்தான் வண்டி எஞ்சினை அணைக்கும்; அந்த உறுதியில் சிறு ஐயம் வந்தாலும் ஓடவிட்டுவிடும். கியர் நியூட்ரலில் இருந்து, கால் கிளட்சை முழுதாக விட்டிருக்க வேண்டும் என்பது அடிப்படை. நெல் மூட்டை ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து பழகிய நம்மில் பலர் கிளட்சின் மேலேயே காலை வைத்திருப்போம். அந்த இலேசான அழுத்தமே போதும், வண்டி அதை மிதித்ததாகவே எடுத்துக்கொள்ளும். ஒருமுறை அணைந்து எழுந்தபின் குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டால்தான் பல வண்டிகள் மறுமுறை அணையும் என்பதால், கும்பகோணம் கடைத்தெருவில் நின்று நின்று நகரும்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதை எதிர்பார்க்க வேண்டாம். அக்னி நட்சத்திர வெயிலில் ஏசியைக் கடைசிப் புள்ளியில் வைத்திருந்தாலும் அணையாது, அணைந்தாலும் சீக்கிரமே எழுந்துவிடும். உங்களுடையது 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 (புகை மாசு விதி) டீசல் என்பதால், புகைக்குழாய் வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கும் வேளைகளிலும் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஆனால் பேட்டரி மாற்றியதிலிருந்து என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இவ்வகை வண்டிகளுக்கு அடிக்கடி எஞ்சினை எழுப்புவதைத் தாங்கவென்றே செய்த, இஎஃப்பி (EFB) அல்லது ஏஜிஎம் (AGM) என்று எழுதிய பேட்டரி வேண்டும். அதே அளவில் சாதாரண பேட்டரியும் கச்சிதமாக உட்காரும், காலையில் எழுப்பவும் செய்யும். ஆனால் அடிக்கடி இறங்கி ஏறும் சார்ஜைத் தாங்காமல் வெகு சீக்கிரம் தளர்ந்துவிடும். ஆகவே முதலில் லேபிளைப் படியுங்கள். அடுத்து, நெகட்டிவ் டெர்மினலில் ஒரு சிறு பெட்டிபோல் சென்சார் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே போகும் மின்சாரத்தையும் வெளியே வரும் மின்சாரத்தையும் கணக்கு வைக்கும் கணக்குப்பிள்ளை அது. கூடுதல் ஹாரன், விளக்கு, ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றின் எர்த்தை நேரே பேட்டரி முனையில் முறுக்கிவிட்டால் அந்தச் செலவு கணக்கில் ஏறாது. பாடியில்தான் எர்த் கொடுக்க வேண்டும். வெளிச் சார்ஜர் போடும்போதும் அப்படியே. பல வண்டிகளில், பேட்டரியைக் கழற்றி மாட்டியபின் வண்டியைப் பூட்டிச் சில மணி நேரம் தொடாமல் விட்டால்தான் சென்சார் புதுக்கணக்கு எழுதும்; சில வண்டிகளில் வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் மூலம் புது பேட்டரியைப் பதியவும் வேண்டும், கடைக்காரர்கள் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை.

இரவு முழுதும் நின்ற வண்டியில் மல்ட்டிமீட்டர் 12.6 வோல்ட் அளவில் காட்டினால் பேட்டரி நிரம்பியிருக்கிறது; 12.2 என்றால் ஏறக்குறையப் பாதிதான். வீட்டுக்கும் சுவாமிமலைக்கும் ஏசியோடு போய்வருவதே அன்றாட ஓட்டம் என்றால், டைனமோ அதை நிரப்ப அவகாசம் கிடைப்பதில்லை. மோட்டார் சுற்றத் திணறுவதற்கு வெகு முன்பே வண்டி அணைவதை நிறுத்திவிடுவதால், இதை ஓர் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரம் ஓடும் வண்டி என்றால் எர்த் பட்டையில் களிம்பு ஏறியிருக்கிறதா என்றும், அறுவடை முடிந்து வயல் எலிகள் இடம்பெயரும் காலமென்றால் பானட் சுவிட்சின் கம்பி கடிபட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அந்தக் கம்பி அறுந்தால் பானட் திறந்திருப்பதாக எண்ணி வண்டி அணையாமலே இருக்கக்கூடும். பானட்டைத் திறப்பதற்கு முன் சாவியை எடுத்துவிடுவது கட்டாயம், ஏனெனில் தானாக அணைந்த எஞ்சின் தானாகவே எழவும் கூடியது.

இத்தனைக்கும் பிறகு கோளாறு நீடித்தால், ஸ்கேனர் உள்ள பட்டறையில் பிழைக்குறியீட்டை மட்டும் படித்துவிட்டு விடாமல், கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல், பேட்டரி சார்ஜ் ஆகிய மூன்றின் நேரடி அளவுகளையும், பெடலை மிதித்து, கியரை மாற்றி, உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். செல்ஃப் மோட்டாரைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.