எக்கோவில் இ.எஃப். 60, நார்மல் என்று போட்டிருக்கிறது. அப்புறம் ஏன் ஹார்ட் திணறுகிறது என்கிறார்கள்?

உங்கள் அப்பா பெங்களூரில் ஃப்ளூ நிமோனியாவோடு வென்டிலேட்டரில் இருக்கிறார், பிரஷர் நிற்க நார்அட்ரினலின் ஓடுகிறது, எக்கோ என்னும் இதய ஸ்கேனோ நார்மல். எதையோ மறைக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மறைக்கவில்லை. ரிப்போர்ட்டும் சரி, டாக்டர் சொல்வதும் சரி. இ.எஃப். என்பது இடது கீழறையின் கணக்கு: அதில் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பது. இந்த நோயில் பெரும்பாலும் முதலில் அடி வாங்குவது வலது கீழறை.

அதன் சுவர் 5 மி.மீ.கூட இருக்காது. நுரையீரல் தமனியில் சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டாதவரைதான் அதற்கு நிம்மதி. நிமோனியா முற்றினால் காற்று போகாத பகுதிகளில் ரத்தக்குழாய்கள் தாமாகவே சுருங்கும். கார்பன் டை ஆக்சைடு ஏறி ரத்தம் அமிலமானால் இன்னும் சுருங்கும். நுண்ணிய ரத்தக்கட்டிகள் வேறு. போதாததற்கு வென்டிலேட்டர் தள்ளும் காற்றும் காற்றறைகளைச் சுற்றியுள்ள தந்துகிகளை நசுக்கும். எதிர்த்துத் தள்ள முடியாமல் வலது அறை வீங்கும். இதய உறை சட்டென்று விரியாது. ஆகவே நடுச்சுவர் இடப்பக்கம் சாயும், இடது அறைக்கு நிரம்ப இடமிருக்காது.

இ.எஃப். ஏமாற்றுவது இங்கேதான். 120 மி.லி. நிரம்பி 75 வெளியேறினால் 62.5 சதவீதம். 60 மி.லி. மட்டும் நிரம்பி 40 வெளியேறினால் கிட்டத்தட்ட 67. சதவீதம் கூடிவிட்டது, ஒவ்வொரு துடிப்புக்கும் உடம்புக்குப் போகும் ரத்தம் பாதியளவுக்குக் குறைந்துவிட்டது.

அதனால் 'வலப்பக்கம் எப்படி இருக்கிறது?' என்று கேளுங்கள். இதயம் விரிந்து நிற்கும்போது வலது அறையின் பரப்பு இடதில் 0.6 மடங்கைத் தாண்டினால் வீக்கம். 1-ஐத் தாண்டினால் கடுமையான வீக்கம். குறுக்குவெட்டில் வட்டமாகத் தெரிய வேண்டிய இடது அறை ஆங்கில 'டி' எழுத்துபோல் தட்டையாகியிருந்தால் நடுச்சுவர் நெருக்கப்படுகிறது என்று அர்த்தம். டேப்ஸி, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் வலப்பக்க வால்வின் வளையம் கீழிறங்கும் தூரம், 17 மி.மீ.க்குக் கீழே போனால் சுருங்கும் சக்தி குறைவு. உப்பிய நுரையீரல் குறுக்கே நிற்பதால் மார்பு வழியாகப் படம் மங்கலாகத்தான் வரும். நெஞ்செலும்புக்குக் கீழே, மேல்வயிற்றில் புரோபை வைத்தால் பல நேரம் கிடைத்துவிடும். ஆனால் டெம்ப்ளேட்டில் 'குட் எல்வி பம்ப்பிங்' (இடது கீழறை நன்றாகத் துடிக்கிறது) என்று ஒரு வரி தட்டிவிட்டு அடுத்த பெட்டுக்கு ஓடுகிறார்கள். எக்கோவுக்குப் பில் மட்டும் முழுசு. இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

சிகிச்சையில் பாதி வென்டிலேட்டர் செட்டிங்தான். ஒரு மூச்சின் அளவு கிலோவுக்கு 6 மி.லி.; அந்தக் கிலோ எடை மெஷின் காட்டுவதல்ல, உயரத்திலிருந்து கணக்கிடுவது. 165 செ.மீ. ஆணுக்கு 61.5 கிலோ, அதாவது சுமார் 370 மி.லி. அவர் 85 கிலோ இருந்தாலும் இதே அளவுதான். பிளாட்டோ பிரஷர், அதாவது காற்று உள்ளே போய் நின்ற நொடியில் நுரையீரலில் இருக்கும் அழுத்தம், 30 செ.மீ. நீருக்குள். வலது இதயம் தளர்ந்திருந்தால் 27-க்குள் வைக்கப் பார்ப்பார்கள். பிளாட்டோவில் பீப்பை (மூச்சு வெளியேறிய பின்னும் மெஷின் நுரையீரலில் நிறுத்திவைக்கும் அழுத்தம்) கழித்தால் வருவது டிரைவிங் பிரஷர். அது 18-ஐத் தொட்டாலே வலது இதயத்துக்கு ஆபத்து, 15-க்குள் இருந்தால் நல்லது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 48 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருப்பது உத்தமம். எல்லா நோயாளிக்கும் அது எட்டாது என்பது தெரியும், ஐசியுக்காரர்கள் கோபிக்க வேண்டாம். அதைக் குறைக்கிறேன் என்று மூச்சு எண்ணிக்கையை 30, 35 என்று ஏற்றினால் காற்று முழுவதும் வெளியேற நேரமின்றி உள்ளே தேங்கி, மறுபடி அதே நசுக்கல். பீப் குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல்.

குப்புறப் படுக்க வைக்கக் கையெழுத்துக் கேட்டால் பயப்படாதீர்கள். ஒரு தடவைக்கு 16 மணி நேரமாவது படுக்க வைத்தால் உயிர் பிழைப்போர் கூடுகிறார்கள் என்று 2013-ல் வந்த புரோசேவா ஆய்வு காட்டியது. நுரையீரலின் முதுகுப்பக்கம் திறக்கும், வலது இதயத்தின் சுமையும் குறையும்.

'பிரஷர் இறங்குகிறதே, குளுக்கோஸ் ஏத்தக் கூடாதா?' என்று ஊரிலிருந்து சித்தப்பா போனில் கேட்பார். வீங்கிய வலது அறைக்குள் இன்னும் 500 மி.லி. திரவம் ஏற்றினால் நடுச்சுவர் இன்னும் சாயும், பிரஷர் இன்னும் இறங்கும். நார்அட்ரினலின் ஓடுவது வீணல்ல. பெருந்தமனி அழுத்தம் நின்றால்தான் வலது இதயத் தசைக்கே ரத்தம் போகும்.

இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் டிராபோனின் ஏறியிருக்கிறது என்றதும் மாரடைப்பு என்று முடிவு கட்டாதீர்கள். ஆக்சிஜன் குறைவு, செப்சிஸ் (கிருமித்தொற்றால் உறுப்புகள் கெடும் நிலை), கிட்னி கோளாறு எல்லாவற்றிலும் அது ஏறும். அதற்காக மாரடைப்பே இருக்காது என்றும் விட முடியாது: ஃப்ளூ உறுதியான முதல் 7 நாளில் அந்த வாய்ப்பு சுமார் 6 மடங்கு என்று 2018-ல் கனடாவிலிருந்து வந்த ஆய்வு சொல்கிறது. இசிஜி மாறியிருந்தாலோ, இடது அறைச் சுவரில் ஒரு பகுதி மட்டும் அசையாமல் நின்றாலோ, மொத்த இ.எஃப்.-உம் விழுந்தாலோ மாரடைப்பு, மயோகார்டைட்டிஸ் (இதயத் தசை அழற்சி) என்ற கோணத்தில் கார்டியாலஜிஸ்ட் வந்து பார்த்தாக வேண்டும்.