ஓனர் வெளிநாட்டில், ஏஜென்ட் கைவிரிக்கிறார்: யாரைக் கேட்பது?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறோம். ஓனர் துபாயில், வாடகை வாங்குவது முதல் எல்லாமே ஒரு ஏஜென்ட்தான். குளியலறைச் சுவருக்குள் குழாய் உடைந்து மூன்று வாரமாக ஒழுகுகிறது. 'ஓனரைக் கேளுங்கள்' என்கிறார் ஏஜென்ட். ஓனரோ அவரைக் கை காட்டுகிறார். வாடகையை நிறுத்துவோம் என்றதும், தண்ணீரை அடைத்துவிடுவேன் என்று ஏஜென்ட் மிரட்டுகிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் தண்ணீர். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி (2017), குடிநீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை ஓனரும் துண்டிக்கக் கூடாது, அவர் வைத்த ஆளும் துண்டிக்கக் கூடாது. அடைத்தால் அன்றே, இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்டிருக்கும் வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள்.

அடுத்து ஏஜென்ட். ஓனருக்காக வீட்டைப் பார்த்துக்கொள்பவரைச் சட்டம் சொத்து மேலாளர் என்கிறது. வாடகைக்கு ரசீது தருவது, ஓனர் சார்பில் அவசியப் பழுதுகளைச் சரிசெய்வது எல்லாம் அவர் வேலை. அதனால் 'எனக்குச் சம்பந்தமில்லை' என்ற பேச்சு எடுபடாது. அவரை நியமித்ததற்கான அத்தாட்சியையும், எந்தெந்த வேலைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்ற விவரத்தையும் ஓனர் உங்களுக்குத் தர வேண்டும். பலர் இதைக் கேட்பதே இல்லை. இன்றே வாட்ஸ்அப்பில் கேளுங்கள். ஓனரோ ஏஜென்ட்டோ வீட்டைப் பார்க்க வருவதானாலும் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்லியாக வேண்டும்.

சரி, குழாய் யார் செலவு? வாஷர் தேய்ந்து குழாய் சொட்டினால் உங்களுடையது. சுவருக்குள் ஓடும் பைப் ஓனருடையது. ஈரம் படர்ந்த சுவரைத் தேதியோடு படம் எடுத்து, இருவருக்கும் மெயில் அனுப்புங்கள். அப்புறமும் அசையவில்லை என்றால் நீங்களே சரிசெய்து, பில்லை வைத்து வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கூடாது.

வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள். பாக்கி வைத்தால் வெளியேற்றச் சொல்ல நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

ஒன்று எனக்குக் கவலை: உங்கள் ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா? வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டதோடு விட்டிருந்தால், மனு கொடுக்கும்போது அதுவே தடையாக வரும். பதிவு எண்ணை ஏஜென்ட்டிடம் கேளுங்கள். இல்லை என்றால், மற்ற எதற்கும் முன்னால் அந்த வேலையை முடியுங்கள்.