எட்டாம் வரியிலேயே பேசிவிடும் பொறுமை

கேள்வி: ஆங்கிலக் கவிஞர் மில்டனின் ‘வென் ஐ கன்சிடர் ஹவ் மை லைட் இஸ் ஸ்பென்ட்’ என்ற சானெட்டில் (பதினான்கு வரிக் கவிதையில்) பொறுமை ஒரு பாத்திரமாகவே வந்து பேசுகிறது. இது எந்த வகைச் சானெட்? பத்தாம், பதினோராம் வரிகள் மட்டும் வாய்பாட்டுக்கு அடங்காமல் நிற்பது ஏன்?
– ஆங்கில இலக்கிய மாணவி, திருச்சி

பதில்: 1652-க்குள் பார்வையை முற்றிலும் இழந்துவிட்ட மில்டனின் இந்தக் கவிதை 1673-இல் அச்சேறியது. வகை, இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் மரபு. முதல் எட்டு வரிகளில் அ-ஆ-ஆ-அ என்ற இயைபும், அடுத்த ஆறு வரிகளில் இ-ஈ-உ என்ற இயைபும் இருமுறை வருகின்றன. வரிக்குப் பத்து அசை. மெலிந்த அசையை அடுத்து அழுத்தமான அசை என ஐந்து இணைகள். இதுவே அயாம்பிக் பென்டாமீட்டர். எழுத்தின் மாத்திரையைப் பார்த்து நேர், நிரை என்று அலகிடும் பழக்கத்தை இங்கே ஒதுக்கிவிட்டு, குரல் எங்கே ஊன்றுகிறது என்பதை வாய்விட்டுப் படித்தே கணக்கிட வேண்டும்.

இவ்வகைச் சானெட்டில் எண்ணம் திசைமாறும் திருப்பம் ஒன்பதாம் வரியில் வரும் என்று வாய்பாடாக எழுதிவிட வேண்டாம். ‘ஒளியை மறுத்துவிட்டு உழைப்பைக் கடவுள் கேட்பாரா’ என்று, முதல் வரியில் தொடங்கிய முறையீடு ஒரே வாக்கியமாக நீண்டு, ‘கேட்கிறேன்’ என்ற முதன்மை வினையை எட்டாம் வரியில்தான் அடைகிறது. வினைமுற்று கடைசியில் வருவது தமிழில் இயல்பு. ஆங்கில வாசகரையோ அது காக்க வைக்கும். அப்படிக் காக்க வைத்த கவிஞர், அதே வரியில் நான்கு அசைகள் முடிந்தவுடன் ‘பட் பேஷன்ஸ்’ (ஆனால் பொறுமை) என்று பொறுமையை நுழைத்துவிடுகிறார். முணுமுணுப்பு வளருமுன் அதை அடக்க வந்த பொறுமை, மரபு தனக்கு ஒதுக்கிய இடம் வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை! இந்தக் கவிதையின் வடிவத்தில் நான் மிகவும் வியப்பது இதைத்தான்.

நீங்கள் குறிப்பிட்ட வரிகளில் பிழையில்லை. பத்தாம் வரி ‘ஈதர்’ என்று அழுத்தத்தோடு தொடங்குகிறது; முதல் இணையை இவ்வாறு தலைகீழாக்க ஆங்கில யாப்பு இடம் தருகிறது. பதினோராம் வரியும் ‘பேர்’ என்று அப்படியே தொடங்கி, ‘மைல்ட் யோக்’ என்ற இரண்டு அழுத்தங்களை அடுத்தடுத்து வைக்கிறது. பொருளில் அது மென்மையான நுகம், ஓசையிலோ கனக்கிறது. அடுத்து, கடவுளின் ஏவலில் நிலத்திலும் கடலிலும் ஓய்வின்றி விரையும் ஆயிரக்கணக்கானோரைச் சொல்லும் வாக்கியம் வரி எல்லையைத் தாண்டி ஓடுகிறது. நின்று காத்திருப்பவர்களும் ஊழியரே என்னும் கடைசி வரி மட்டும் தனி வாக்கியமாக, ஐந்து இணைகளும் பிசகாமல் அமைகிறது. அலகிடும் பயிற்சியை அந்த வரியிலிருந்து தொடங்கிப் பின் பத்தாம் வரிக்குச் சென்றால், வேறுபாடு காதுக்கே எட்டும்.