ஐஎன்ஏவில் (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில்) இருந்த சிங்கப்பூர்த் தமிழர்கள் போர் முடிந்ததும் ஏன் வாய் திறக்கவில்லை?

என் தாத்தா அப்படி இருந்தவர்தான், அதனால் எழுதுகிறேன். எல்லோரும் பேசாமல் இருந்துவிடவில்லை. ஆனால் பலர் பேசவில்லை என்பது உண்மை.

1943 ஜூலையில், ஜப்பானியர் பிடியில் இருந்த சிங்கப்பூரின் பாடாங் திடலில் நேதாஜி அணிவகுப்பைப் பார்வையிட்டார். அந்த அக்டோபரில் வாட்டர்லூ தெருவில் ஐஎன்ஏவின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையின் முகாம் திறந்தது. சேர்ந்தவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஏராளம். நாட்டுப்பற்று ஒருபக்கம், ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் இன்னொரு பக்கம். இதைச் சொல்வதில் அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை.

1945இல் பர்மாவிலிருந்து பின்வாங்கியபோது பசியும் மலேரியாவும் பலரைத் தின்றன. திரும்பி வந்தால் கையிலிருந்த ஜப்பான் நோட்டு செல்லாது. மீண்டும் வெள்ளைக்காரன் ஆட்சி. எஸ்பிளனேடில் எழுப்பிய ஐஎன்ஏ நினைவுச்சின்னத்தைச் சில வாரங்களிலேயே இடித்துத் தள்ளினார்கள். விசாரணை வேறு. வேலை தேடுகிறவன் இந்தக் கதையை யாரிடம் சொல்வான்? அப்புறம் பழகிவிட்டது.

தாத்தா சாப்பிட்ட தட்டில் ஒரு பருக்கை இருக்காது. நாங்கள் மிச்சம் வைத்தால் திட்டமாட்டார். தட்டைத் தன் பக்கம் இழுத்து, விரலால் வழித்துச் சாப்பிடுவார். கேட்டால், "பர்மாவில் இலையைத் தின்னோம்" என்பார், அவ்வளவுதான்.

1995இல், இடித்த நினைவுச்சின்னம் இருந்த அதே இடத்தில் நினைவுப் பலகை வைத்தார்கள். ஒருமுறை அழைத்துப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.