ஓய்வுபெற்ற பந்தயக் குதிரையைத் தோட்டத்துப் பக்கம் வளர்க்க முடியுமா?

சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இரண்டு ஏக்கர் புல்நிலம் இருக்கிறது, ஈப்போ பந்தயத் திடலிலிருந்து ஓய்வுபெறும் குதிரை ஒன்றை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம். கையைக் கடிக்கப்போவது விலை அல்ல, தீனி. 500 கிலோ குதிரைக்கு நாளுக்குச் சுமார் 10 கிலோ உலர்புல் வேண்டும்; ஓட்டம் முடிந்த பிறகும் பதினைந்து, இருபது வருடம் உயிரோடு இருக்கும். செம்பனை அடியில் முளைக்கும் புல்லை அறுத்துப் போடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அங்கே களைக்கொல்லி அடித்திருப்பார்கள்.

அப்புறம் பழக்கம். ஓடும்போது ஜாக்கி கடிவாளத்தை இறுக்கிப் பிடிப்பார், குதிரையும் அதில் சாய்ந்துகொண்டு பாயும். நீங்கள் நிறுத்துவதற்காக இழுத்தால் அதற்கு ‘இன்னும் வேகமாக’ என்றுதான் புரியும்! நடந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கியைத் தூக்கி ஏற்றிவிடுவார்கள் என்பதால், ஆள் ஏறும்வரை அசையாமல் நிற்கவும் பல குதிரைகளுக்குத் தெரியாது. முதல் சில மாதம் சவாரியே வேண்டாம், மேய விடுங்கள். தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், சட்டென்று மாற்றினால் வயிற்றுவலி வரும். தனியாக இருந்தால் ஏங்கிப்போகும், துணைக்கு இன்னொரு குதிரை இருந்தால் நல்லது, முடியாவிட்டால் ஓர் ஆடாவது இருக்கட்டும்.

சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 5-இல் கடைசிப் பந்தயம் முடிந்தது. நூற்றுக்கணக்கான குதிரைகளுக்கு வேறு இடம் தேட வேண்டியிருந்தது. இப்படி ஓய்வுபெறும் குதிரைகளில் சாதுவானவை சவாரிப் பள்ளிக்குப் போகும், துடிப்பானவை தடை தாண்டப் பழகும். காலில் பழைய காயம் இருந்தால் மேய்ச்சல்தான். வாங்குமுன் மிருக வைத்தியரிடம் குதிரையின் காலைக் காட்டிவிடுங்கள்.