குறுவை நேரத்தில் குரூப்புக்குள் வரும் புரளி: அட்மின் என்ன செய்யலாம்?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர் விவசாயிகள் வாட்ஸ்அப் குரூப்பில் நானூறு பேருக்கு மேல் இருக்கிறோம். ஆறு திறப்பு, முறைப்பாசனம், உரம், கொள்முதல் எல்லாம் அதில்தான் பேசிக்கொள்வோம். சில மாதங்களாகப் புதுப்புது நம்பர்கள் உள்ளே வருகின்றன. ஒரு வாரம் கர்நாடகாவில் தமிழர்களை அடிப்பதாக வீடியோ. மறுவாரம் நடவுக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றி ஆடியோ. ஏன் போடுகிறீர்கள் என்று கேட்டால் சண்டை. யாரோ திட்டமிட்டுச் செய்கிறார்களா? அட்மினாக நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: திட்டமிட்ட வேலையா, யாரோ ஆர்வக்கோளாறில் தட்டிவிட்டதா என்பதை உங்கள் ஃபோனில் இருந்துகொண்டு கண்டுபிடிக்க முடியாது. அதில் நேரத்தைச் செலவழிக்கவும் வேண்டாம். இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றுதான். கண்டதற்கெல்லாம் 'பின்னால் பெரிய கை இருக்கிறது' என்று சொல்லிப் பழகுவதிலும் ஆபத்து உண்டு. 2017-ல் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்து நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் உட்கார்ந்து போராடியவர்களையே 'தூண்டிவிடப்பட்டவர்கள்' என்று சொன்னவர்கள் உண்டு. அந்த முத்திரையை நாமே கையில் எடுத்தால், நாளைக்கு அது நம் மேலேயே விழும்.

ஆனால் திட்டமிட்டுச் செய்பவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் புதிதாக ஒரு பகையைக் கிளப்ப மெனக்கெடுவதில்லை. ஏற்கெனவே இருக்கிற மனக்குறையைத் தேடிப் பிடித்து, இரண்டு பக்கமும் ஊதிவிடுவார்கள். 2016 மே 21 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஓர் இஸ்லாமிய மையத்தின் முன்னால் எதிரெதிராக இரண்டு கூட்டம் நின்றது. ஒன்றை அழைத்தது டெக்சாஸ் பெருமை பேசும் ஃபேஸ்புக் பக்கம், இன்னொன்றை அழைத்தது முஸ்லிம்களுக்கான பக்கம். இரண்டையுமே நடத்தியது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஒரே நிறுவனம் என்பது மறு ஆண்டு நவம்பரில் அமெரிக்க செனட் குழு முன்பு வெளியானது. தெருவில் நின்றவர்கள் நிஜமான ஆட்கள், அவர்கள் கோபமும் நிஜம். நம் டெல்டாவில் அப்படி ஊதுவதற்குத் தோதான இடங்கள் காவிரி, வெளியாள் கூலி, சாதி, மதம். உங்கள் குரூப்பில் வாரம் ஒன்றாகப் பொருள் மாறுவதும் இந்த இடங்களுக்குள்தான்.

முதலில் வாசல்

குரூப் செட்டிங்ஸில் புதியவரைச் சேர்க்கும் உரிமையை அட்மினுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். லிங்க் வழியாக வருபவருக்கு அட்மின் ஒப்புதல் வேண்டும் என்பதை ஆன் செய்யுங்கள். அடுத்து, அழைப்பு லிங்க்கை ரீசெட் செய்யுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய லிங்க் ஏதோ ஒரு ஃபேஸ்புக் பதிவுக்கு அடியில் கிடக்கும்; ஒருவரை நீக்கினால் அதே வழியாக வேறு நம்பரில் திரும்பவும் வந்து நிற்பார்.

பிறகு ஒருநாள் உட்கார்ந்து உறுப்பினர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். இன்னார் மகன், இன்ன தெரு என்று ஊரில் ஒருவராலும் சொல்ல முடியாத நம்பர்களைத் தனியாகக் குறித்து, 'நீங்கள் யார், யார் சேர்த்தார்கள்?' என்று கேளுங்கள். இரண்டு நாளில் பதில் இல்லையென்றால் நீக்கிவிடலாம். வெளிநாட்டு நம்பர் என்பதற்காக மட்டும் சந்தேகப்படாதீர்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் ஆள் இல்லாத தெரு நம் பக்கம் எங்கே இருக்கிறது?

அட்மின் மட்டுமே பேசலாம் என்று குரூப்பை நிரந்தரமாகப் பூட்டுவது நல்ல யோசனை போலத் தோன்றும், ஆனால் அது சரியாக வராது. பேச்சு வேறொரு குரூப்புக்குப் போய்விடும். அங்கே கேட்க ஆள் இருக்காது. பதற்றமான ராத்திரிக்கு ஒரு சில மணி நேரம் பூட்டி, காலையில் திறந்துவிடுங்கள். அட்மினாக இன்னும் இரண்டு பேரைச் சேருங்கள். அதில் ஒருவர் மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பவராக இருந்தால் நல்லது. அதே ஆடியோ அங்கேயும் ஓடும், நமக்குத் தெரியவே தெரியாது.

தெரிந்த நம்பரே திருடு போவதும் உண்டு. பி.எம். கிசான் பெயரில் வரும் ஏபிகே ஃபைலை (ஃபோனில் ஆப் நிறுவும் ஃபைல்) ஒருவர் அமுக்கினால் அவர் கணக்கு கைமாறி, அவர் பெயரிலேயே குரூப்பில் பதிவு வரலாம். எல்லோரையும் வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பு பின் நம்பர் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

புரளிக்கு முன்னால் கணக்கு

டெல்டாவில் புரளிக்கும் பருவம் உண்டு. ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறப்பு, ஆகஸ்ட் செப்டம்பரில் கர்நாடகம் தர வேண்டிய பங்கு, வடகிழக்குப் பருவமழையில் புயல் மற்றும் ஏரி உடைப்பு, சம்பாவுக்குப் பயிர்க்காப்பீட்டின் கடைசித் தேதி, அறுவடையில் கொள்முதல் நிலைய ஈரப்பதம். எது எப்போது வரும் என்று தெரிந்திருக்கும்போது, அது வருவதற்கு முன்பே சரியான தகவலைப் போட்டு வைப்பதுதான் இருப்பதிலேயே மலிவான தற்காப்பு. பொய்யை முதலில் கேட்டவரைத் திருப்புவது கஷ்டம். உண்மையை முதலில் கேட்டவர் பொய் வரும்போது தானே கேள்வி கேட்பார்.

காவிரியில் நடக்கும் குழப்பத்தில் பாதி அலகு தெரியாததால் வருவது. அடி என்பது அணையின் மட்டம், கனஅடி என்பது ஒரு விநாடிக்கு ஓடும் நீர், டிஎம்சி என்பது மொத்த அளவு. விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒருநாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. மேட்டூரின் முழுமட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. மேலே அகலமும் கீழே குறுகலுமாக இருப்பதால், 60 அடி என்றால் பாதி அணை என்று நினைத்துவிடக் கூடாது. இருப்பு கால்வாசிக்குச் சற்று மேல்தான். 'பாதி அணை நிறைந்தும் திறக்கவில்லை' என்ற பதிவு எவ்வளவு சுலபமாக எடுபடும் பாருங்கள்.

இன்னொன்று. 'ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை' என்று ஒரு பதிவு, 'பத்தாயிரம் கனஅடி கொட்டுகிறது, இவர்களுக்கு என்ன குறை' என்று எதிர்ப்பதிவு. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று வழங்கிய தீர்ப்புப்படி மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பில்லிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி வர வேண்டும். அதில் ஆகஸ்டுக்கு 45.95. நாளுக்குப் பிரித்தால் சராசரி விநாடிக்குச் சுமார் 17,150 கனஅடி. பத்தாயிரம் கனஅடி ஒருநாள் முழுக்க வந்தாலும் 0.86 டிஎம்சிதான். ஆக இரண்டு பதிவுமே தப்பு. பற்றாக்குறை என்பது உண்மை, அதற்கு ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டு கோபப்படுகிற விவசாயியை ஒரு பழைய வீடியோவை வைத்துத் திருப்பிவிட முடியாது.

தினமும் காலை 8 மணி மேட்டூர் நிலவரத்தை (மட்டம், வரத்து, திறப்பு) ஒருவர் பொறுப்பெடுத்துப் போடட்டும். அதையே டீக்கடைப் பலகையிலும் கூட்டுறவுச் சங்க வாசலிலும் எழுதிவையுங்கள். கொள்முதலுக்கு வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். தளர்வு வந்தால் உத்தரவோடு வரும் என்பதையும் அறுவடைக்கு முன்பே குரூப்பின் மேலே நிற்கும்படி 'பின்' செய்துவிடலாம். வாட்ஸ்அப்பில் 30 நாள் வரை அது அப்படியே நிற்கும்.

வந்ததைப் பார்ப்பது எப்படி

இரட்டை அம்புக்குறி இருந்தால் குறைந்தது ஐந்து கை மாறி வந்த செய்தி. ஆனால் அம்புக்குறி இல்லாததால் அது சொந்தச் செய்தி ஆகிவிடாது. டவுன்லோடு செய்து திரும்பப் போட்டாலோ காப்பி பேஸ்ட் செய்தாலோ குறி போய்விடும். எழுத்துப்பிழையை வைத்துப் போலியைக் கண்டுபிடித்த காலமும் முடிந்தது. இப்போது ஏஐ பிழையில்லாத தமிழ் எழுதுகிறது. நம்பத்தகுந்த அடையாளம் வேறு: சம்பந்தமில்லாத மூன்று நம்பர்கள், சில நிமிட இடைவெளியில், ஒரே வாசகம், ஒரே இடத்தில் ஒரே காற்புள்ளி. அப்படி வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு மூன்றையும் நீக்குங்கள்.

தமிழ்நாட்டில் அதிகம் ஏமாற்றுவது போலி நியூஸ் கார்டு. டிவி சேனலின் லோகோ, தலைவரின் படம், கீழே அவர் சொல்லாத வாசகம். கார்டில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். அதே தேதியில் அந்தச் சேனலின் ஃபேஸ்புக் அல்லது எக்ஸ் பக்கத்துக்குப் போய் முன்னும் பின்னும் வந்த கார்டுகளோடு ஒப்பிடுங்கள். போலியில் லோகோவும் பின்னணியும் அச்சு அசலாக இருக்கும். எழுத்துரு மட்டும் மாறியிருக்கும், குறிப்பாக 'ணை', 'லை' போன்ற எழுத்துகளின் வடிவத்தில். வாசகத்துக்குப் பின்னால் பழைய எழுத்தை அழித்த இடம் ஒரு சாயல் வெளிறியோ அழுத்தமாகவோ தெரியும். பெரிய தலைவர் சொன்ன பெரிய செய்தி ஒரே ஒரு கார்டில் மட்டும் இருந்து, வேறெந்தச் சேனலிலும் இல்லையென்றால் அதுவே போதுமான பதில்.

வீடியோ என்றால் முகம் அல்லது கடைப்பலகை தெளிவாகத் தெரியும் இடத்தில் நாலைந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். பலகையில் கன்னடமா தெலுங்கா, வண்டி நம்பர் கே.ஏ.வா டி.என்.னா, போலீஸ் தொப்பி எந்த மாநிலத்தது என்று பாருங்கள். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் எரிந்தது நிஜம். அந்தக் காட்சியைத் தேதி இல்லாமல் போட்டால் நேற்று நடந்தது போலவே இருக்கும். 2023 மார்ச்சில் இங்கே பீகார் தொழிலாளர்களைக் கொல்வதாகச் சுற்றிய வீடியோக்களும் இதே ரகம்: ஒன்று தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை, இன்னொன்று உள்ளூர்க்காரர்களின் தகராறு என்று தமிழ்நாடு காவல்துறை விளக்க வேண்டி வந்தது.

ஆடியோதான் கடினம், லென்ஸில் போட முடியாது. 'கலெக்டர் ஆபீஸ்ல இருந்து பேசுறேன்' என்றால் பெயர் என்ன, எந்தப் பிரிவு என்று பாருங்கள். இரண்டும் இல்லாத ஆடியோவை நிறுத்திவைத்து, தாலுகா அலுவலகத்தையோ விஏஓ-வையோ நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். ஆடியோவோடு வந்த நம்பரைக் கூப்பிடாதீர்கள்.

நேரமில்லையென்றால் தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம், பிஐபி ஃபேக்ட் செக், யூடர்ன் போன்றவை ஏற்கெனவே பார்த்திருக்கிறார்களா என்று தேடலாம். திட்டம், அரசாணை, விடுமுறை போன்றவற்றுக்கு அரசு அமைப்புகள் போதும். அரசே ஒரு கட்சியாக இருக்கும் விஷயத்தில் வெளியே இருப்பவர்கள் சொல்வதையும் பார்ப்பது நியாயம்.

மறுப்பு எழுதும் முறை

போட்டவர் தெரிந்தவர் என்றால் முதலில் தனியாகச் சொல்லுங்கள்: 'மாமா, நீங்க போட்ட வீடியோ பழசு, 2016-ல வந்தது. நீங்களே எடுத்துட்டா நல்லா இருக்கும்.' நாலு பேர் முன்னால் திருத்தினால் மானப்பிரச்சினையாகி, அவர் அதைக் காப்பாற்றவே பேசுவார். எல்லோருக்குமாக அழிக்கச் சுமார் இரண்டரை நாள் அவகாசம் உண்டு.

குரூப்பில் போடும் மறுப்பு உண்மையில் தொடங்க வேண்டும், பொய்யை ஒரே ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். மாதிரிக்கு: 'நம்ம ஊர்ல நடவு வழக்கம்போல நடக்குது, எங்கேயும் தகராறு இல்ல, ஸ்டேஷன்ல விசாரிச்சாச்சு. இப்ப சுத்துற வீடியோ வேற மாநிலத்துல எடுத்த பழைய வீடியோ. ஊர்ப்பேரை மாத்திப் போட்டிருக்காங்க. சந்தேகம்னா எனக்குப் போன் பண்ணுங்க.' விசாரிக்காமல் 'விசாரிச்சாச்சு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒருமுறை மாட்டினால் உங்கள் அடுத்த மறுப்பை யாரும் கேட்க மாட்டார்கள். தைவான் அரசு இதற்கு வைத்திருந்த அளவு 20 நிமிடத்துக்குள், 200 எழுத்துக்குள், இரண்டு படத்தோடு. உங்களால் 20 நிமிடம் முடியாது. அன்று ராத்திரி எல்லோரும் தூங்கப் போவதற்குள் வந்தால் போதும். போலிப் படத்தைக் காட்டியே ஆக வேண்டுமானால் சிவப்பு நிறத்தில் ஒரு கோடு படத்தின் நடுவில், முகத்தின் மேலேயே போடுங்கள். மூலையில் 'பொய்' என்று எழுதினால் அதை வெட்டிவிட்டு மறுபடி சுற்றவிடுவார்கள்.

போலீஸுக்கு எப்போது

உறுப்பினர் ஒருவர் போட்டதற்காக அட்மின் மேல் வழக்கு வருமா என்ற பயம் பலருக்கு இருக்கிறது. வெறும் அட்மினாக இருந்தவர் அதற்குப் பொறுப்பாக மாட்டார் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. நீங்களே அதைப் பகிர்ந்தாலோ ஆதரித்து எழுதினாலோ கதை வேறு. பொது அமைதியைக் கெடுக்கும் பொய்யைப் பரப்பினால் பாரதிய நியாய சன்ஹிதா 353-வது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு.

பொய் என்பதற்காக மட்டும் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டியதில்லை. இடம், நேரம், 'எல்லோரும் வாங்க' என்ற மூன்றும் ஒரு பதிவில் சேர்ந்தால் மட்டும் விவாதம் செய்யாமல் உடனே 112. வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் கொட்டகையைக் குறிப்பிட்டால், அவர்களை அழைத்து வந்த மேஸ்திரிக்கும் அதே நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். அழிப்பதற்கு முன்பு, அனுப்பிய நம்பர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வீடியோவையும் ஃபோனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். அதை ஸ்டேஷனைத் தவிர வேறு யாருக்கும், எச்சரிக்கை செய்வதற்காகக் கூட, அனுப்பாதீர்கள்.